ஆர்த்தி காடு

கீழ் டிவிஷன், மூணாறு
9 ஜூன் 2024

அன்புள்ள பூமாரிக்கு,

போன் செய்தால் எடுக்க மாட்டாய். கடிதத்தைக் கிழிப்பதற்காவது கையில் எடுத்துத்தானே ஆக வேண்டும், அதனால் எழுதுகிறேன். இங்கே மழை பிடித்துக்கொண்டது. என் சமையலை நானே தின்று மெலிந்துவிட்டேன், பார்த்தால் உனக்குச் சிரிப்பு வரும்.

சந்தனமேரி அக்காவும் வேலைக்காலம் முடிந்து, லயத்து வீட்டைக் காலி செய்துவிட்டு, மகனோடு போடிக்குப் போய்விட்டார்கள். ஜீப்பில் ஏறும்போது, "எய்யா, பூமாரி வந்தான்னா நான் கேட்டேன்னு சொல்லு" என்று அழுதார்கள். இனி நம் லயத்தில் தமிழ் பேசுகிறவன் நான் ஒருவன்தான். மற்ற வீடுகளிலெல்லாம் ஜார்க்கண்ட்காரர்கள். நல்ல சனங்கள்.

சொல்ல வந்தது வேறு. காலை மஸ்டரில் ஆள் பிரிக்கும்போது "இன்னைக்கு ஆர்த்தி காடு" என்று சொல்வதைக் கேட்க முடியாமல்தானே நீ உன் தங்கச்சி வீட்டுக்குப் போனாய். தேயிலைக் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்த இடத்திலேயே நீ நம் மகள் ஆர்த்தியைப் பெற்றதால் எல்லோரும் அந்தக் காட்டுக்கு வைத்த பெயர். காய்ச்சலில் அவள் போன பிறகும் யாரும் அதை மாற்றவில்லை. இப்போது அந்தப் பெயரைச் சொன்னவர்கள் ஒருவரும் இங்கே இல்லை. புது ஆட்களுக்கு அது பதினாலாம் நம்பர், அவ்வளவுதான். நீ பயப்படாமல் வரலாம். வந்துவிடு. நீ இல்லாமல் எனக்கு முடியவில்லை.

உன்
ஈஸ்வரன்

வேலந்தாவளம்
20 ஜூன் 2024

மாமாவுக்கு,

கிழிக்கவில்லை. திரும்பத் திரும்பப் படித்தேன். இதை ஒரு நல்ல செய்தி மாதிரி எழுத உங்களுக்கு எப்படி மனசு வந்தது?

இங்கே தங்கச்சி அனுப்பிரியா வீட்டில் எனக்கு ஒரு குறையும் இல்லை. மார்க்கெட்டில் தக்காளி தரம் பிரிக்கப் போகிறேன். போன வாரம் பக்கத்தில் இருக்கிற முத்தாத்தாள், "ஏனுங்க்கா, உங்களுக்குக் கொழந்தைங்க எத்தனைங்க?" என்று கேட்டாள். இல்லை என்று சொல்லிவிட்டேன். பெற்றவள் நானே சொன்னேன். அந்தத் துணிச்சல் எங்கிருந்து வந்தது தெரியுமா? அங்கே மஸ்டரில் அத்தனை பேர் அவள் பெயரைச் சொல்கிறார்கள் என்ற நினைப்பில்தான். கேட்க முடியாமல் ஓடி வந்தவள்தான் நான். ஆனாலும் தினமும் அந்த நேரத்துக்கு, கையில் தக்காளியோடு அப்படியே நின்றுவிடுகிறேன். இப்போது சொல்லியிருப்பார்கள் என்று நினைத்துக்கொள்வேன்.

இனி எதற்கு நிற்க வேண்டும்? பதினாலாம் நம்பருக்கு நான் எதற்கு வர வேண்டும்? சாப்பாட்டை நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

பூமாரி

கீழ் டிவிஷன்
3 ஜூலை 2024

பூமாரிக்கு,

உன் கடிதம் வந்த மறுநாளே மஸ்டரில் போய் நின்று, "அது பதினாலு இல்ல, ஆர்த்தி காடு" என்று சத்தமாகச் சொன்னேன். காலையிலேயே குடித்துவிட்டானோ என்று சூப்பர்வைசர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பெண்கள் சுற்றிக்கொண்டார்கள். தெரிந்த இந்தியில் கொஞ்சம், கையைக் காலை ஆட்டிக் கொஞ்சம் என்று, கொட்டுகிற மழையில் சந்தனமேரி அக்கா உனக்குப் பிரசவம் பார்த்ததைச் சொன்னேன். அவர்களுக்கு ஒரே சந்தோஷம். மாசமாக இருக்கிற ஒருத்தி, "ஆர்த்தி இப்ப எங்க?" என்று கேட்டாள்.

என்னால் சொல்ல முடியவில்லை, பூமாரி. "வேலந்தாவளத்துல அவ அம்மாகூட இருக்கா" என்று சொல்லிவிட்டேன்.

இப்போது எல்லோரும் ஆர்த்தி காடு என்றுதான் சொல்கிறார்கள். கூடவே, ஆர்த்தி எப்போது வருவாள் என்றும் கேட்கிறார்கள். நேற்று அந்தப் பெண் அவளுக்கென்று பொரி உருண்டை பிடித்துக் கொடுத்தாள். வாங்கி வைத்திருக்கிறேன். உண்மையைச் சொன்னால் அந்தப் பெயரைச் சொல்ல அவர்களுக்கு வாய் வராது, மறுபடியும் பதினாலாம் நம்பர் ஆகிவிடும். நான் என்ன செய்யட்டும்?

ஈஸ்வரன்

வேலந்தாவளம்
11 ஜூலை 2024

ஆர்த்தி அப்பாவுக்கு,

நீங்கள் ஒன்றும் சொல்ல வேண்டாம். உங்களால் முடியாது, எனக்குத் தெரியும். அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். பிறந்ததையும் போனதையும் அந்தக் காட்டில் வைத்து நானே சொல்கிறேன். கேட்ட பிறகு அவர்கள் எப்படிக் கூப்பிட்டாலும் சரி, என் வாயில் அது ஆர்த்தி காடுதான். எனக்கு வேலை கேட்டு வையுங்கள்.

எனக்கு ஒரு மகள் இருந்தாள் என்று முத்தாத்தாளிடம் இன்றைக்குச் சொல்லிவிட்டேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். நான் வந்து சேருகிறவரைக்கும் அவர்களிடம் மாற்றிச் சொல்லிவிடாதீர்கள். அதுவரைக்குமாவது அவள் என்னோடு இருக்கட்டும்.

பூமாரி