மூன்றாவது சிலிண்டரும் உங்கள் அம்மாவும்

“கார்ல ஒண்ணுமில்ல, உன் காதுலதான் கோளாறு” என்று சொல்லிவிட்டு மூன்று நாளாகப் பேசாமல் இருப்பவருக்கு,

சாப்பாடு மேசையில் மூடியிருக்கிறது. கோபம் இருந்தாலும் சுடவைத்துச் சாப்பிடுங்கள்.

பட்டறைக்குக் கிளம்பும் முன் நம் காரின் சிலிண்டர்களில் அழுத்தம் எவ்வளவு நிற்கிறது என்று மீட்டர் வைத்துப் பார்த்தேன். மற்றவை நூற்றெழுபது காட்ட, மூன்றாவது மட்டும் அறுபதில் படுத்துவிட்டது. அதில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டேன். பிஸ்டன் ரிங் தேய்ந்திருந்தால் ஆயில் அந்த இடைவெளியை அடைத்து முள் ஏறியிருக்கும். இம்மியும் அசையவில்லை. ஆக, வால்வுதான் போயிருக்கிறது. இன்ஜின் சத்தம் சரியில்லை என்று சொன்ன என் காது நன்றாகத்தான் இருக்கிறது.

இந்தச் சோதனைக்கு இரண்டு பேர் வேண்டும். நான் மீட்டரைப் பார்க்க, இன்னொருவர் ஆக்சிலேட்டரை மிதித்தபடி சாவியைத் திருப்ப வேண்டும். நீங்கள்தான் மௌன விரதமாயிற்றே, உங்கள் அம்மாவை உட்காரவைத்தேன். முதலில் கண்ணை மூடிக்கொண்டு மிதித்தார். நாலாவது சிலிண்டர் முடிந்ததும் இறங்கவே மனமில்லை. மீட்டரை எட்டிப் பார்த்துவிட்டு, “இவன் காதைத்தான் முதல்ல கழட்டிப் பாக்கணும்” என்றார்.

கார் சாவி அவரிடம் இருக்கிறது. கேட்டால் தருவாரா, தெரியாது.

பி.கு.: வால்வைக் கழற்றவும் கூட ஓர் ஆள் வேண்டும். மாலைக்குள் வாயைத் திறந்தால் அந்த வேலை உங்களுக்கு. இல்லையென்றால், உங்கள் வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு அத்தை தயாராக இருக்கிறார்.