முற்றம் தாண்டாத கரண்ட்

இன்று காலை வயரிங் வேலைக்கு வந்த மனிதர் உங்கள் கராஜ் சுவரில் இருந்து அந்தப் பெருவிரல் மொத்தக் கம்பியை அறுத்து எடுத்தார். அறுத்ததும் உள்ளே அடைபட்டுக் கிடந்த றப்பர் மணம் கிளம்பி, முற்றத்தைத் தாண்டிக் குசினிக்குள் வந்தது. நீங்கள் அங்கே நிற்கிறீர்கள் என்று ஒரு கணம் நினைத்துவிட்டேன். தேத்தண்ணி வைக்கக் கேத்தலைக்கூட அடுப்பில் ஏற்றிவிட்டேன். நீங்கள் போய் ஒரு வருடமாகிறது என்பது தண்ணீர் கொதித்த பிறகுதான் நினைவுக்கு வந்தது.

“அம்மா, ஐயாவுக்கு என்ன விசரோ? பன்னிரண்டு வோல்ட்டுக்கு ஆராவது இவ்வளவு தடிச்ச கம்பி இழுப்பினமோ? இதால கப்பலைக் கட்டலாம்,” என்றார் அந்த மனிதர்.

“கப்பல்ல இருந்து வந்ததுதான் தம்பி. நீர் கதையை விட்டிட்டு வேலையைப் பாரும்,” என்றேன்.

மருமகன் கராஜுக்குள் மிளகாய் அரைக்கும் மில் போடப் போகிறார். மகளும் அவரும் என்னுடன்தான் இருக்கிறார்கள். ஊர் இருக்கிற நிலையில் நான் தனியே இருப்பது சரியில்லை என்று வந்துவிட்டார்கள். மில்லுக்கு உங்கள் பன்னிரண்டு வோல்ட் காணாது. அதனால் இருநூற்று முப்பது வோல்ட் வீட்டுக் கரண்ட் இன்று முற்றத்தைத் தாண்டிவிட்டது. நீங்கள் இருந்திருந்தால் வாசலில் குறுக்கே படுத்திருப்பீர்கள். சம்மதம் கொடுத்தவள் நான்தான். ஆனால் இதை எழுதுவது அதற்கு மன்னிப்புக் கேட்க அல்ல. அதைவிடப் பெரியது ஒன்று இருக்கிறது. அதைச் சொல்ல எனக்குப் பதினாறு வருடம் வாய் வரவில்லை.

உங்களுக்கு அந்தப் பயம் வந்த நாள் எனக்கு நினைவிருக்கிறது. துறைமுகத்தில் வேலை முடிந்து வந்து, சாப்பாட்டுக்குக் கை கழுவாமல் கையையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். கூட வேலை செய்த நண்பர் ஈர நிலத்தில் படுத்து, இருநூற்று முப்பதில் எரியும் கைவிளக்கோடு ஒரு லொறிக்குக் கீழே போனவர் திரும்பி வரவில்லை. “விடடா, விடடா எண்டு கத்தினனான். அவனால ஏலாமல் போச்சு. அவன் விளக்கைப் பிடிச்சிருக்கேல்லை, விளக்குத்தான் அவனைப் பிடிச்சிருந்தது,” என்றீர்கள். அவரிடமிருந்து ஒரு சத்தமும் வரவில்லையாம். அதுதான் உங்களை விடாமல் அரித்தது.

அதன் பிறகுதான் வீட்டுக் கராஜை நீங்களே வயரிங் செய்தீர்கள். வெள்ளைக்காரர் தளத்தை விட்டுப் போனபோது துறைமுகச் சாமான்கள் ஏலம் போயின. அயலட்டை எல்லாம் கதிரை, மேசை, அலுமாரி என்று வாங்கி வர, நீங்கள் ஒரு கைவண்டி நிறையக் கப்பல் கம்பி கொண்டு வந்தீர்கள். வீட்டுக் கரண்ட் விறாந்தைச் சுவரோடு நிற்கவேண்டும். அங்கே சார்ஜர் பெட்டி. அதில் இருந்து பன்னிரண்டு வோல்ட் மட்டும் முற்றத்தைத் தாண்டிப் போய்ப் பற்றரிகளில் ஏறும். பற்றரியில் இருந்து கார் பல்புகளுக்கும் கைவிளக்குக்கும் போகும். இதுதான் உங்கள் சட்டம். ஒவ்வொரு முறுக்கையும் ஈயம் ஊற்றி ஒட்டினீர்கள். ஒவ்வொரு கிளைக்கும் தனித்தனி பியூஸ் வைத்தீர்கள். ஒருநாள் பியூஸ் எரிந்தபோது நான் சிகரெட் பெட்டி வெள்ளித்தாளைச் சுற்றிவிட்டேன். அதற்காக இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. உப்புக்காற்றுக்குக் கம்பி முனை பச்சை பிடிக்கும் என்று மாதம் ஒருமுறை கிரீஸ் பூசினீர்கள். என் தலைக்கு எண்ணெய் இருக்கிறதா என்று நீங்கள் ஒருநாளும் பார்த்ததில்லை.

இவ்வளவு தடித்த கம்பி ஏன் என்று நானும் கேட்டேன்தான்.

“மெல்லமா வாற கரண்டுக்கு அகலமான ரோட்டு வேணும். ஒடுக்கமான ரோட்டில விட்டா நெருக்குப்பட்டுச் சூடாகும். சூடானா நெருப்பு,” என்றீர்கள்.

கராஜின் பின்சுவரில், கூரைக்குச் சற்றுக் கீழே, நான்கு துவாரங்கள் வெட்டினீர்கள். பற்றரி ஏறும்போது மணமில்லாத ஒரு காற்று விடும், அது மேலேதான் போகும், மேலே வழி விடவேண்டும் என்றீர்கள். எனக்குத் தெரிந்ததெல்லாம் மூக்கை அரிக்கும் அந்த அசிட் மணம்தான். உங்கள் சாரங்களைத் தோய்த்துக் காயப்போட்டால் கொடியிலேயே பொத்தல் விழும். தோய்க்கும் முன்னர் ஒன்றுமே தெரியாது, தண்ணீர் பட்ட பிறகுதான் துணி வாய் திறக்கும். அந்தச் சாரத்தோடு சண்டைக்கும் வந்திருக்கிறேன். “நீங்கள் சொல்லுற காத்துக்கு மணமே இல்லை எண்டியள். பிறகு இந்த மணம் எங்கையால வருது?”

“இது அசிட் ஆவி. சீலையைத்தான் தின்னும். இஞ்சேரும், மணக்கிறதுக்குப் பயப்பிடாதையும். மணக்காததுக்குப் பயப்பிடும்.”

இதை நீங்கள் சிரித்துக்கொண்டுதான் சொன்னீர்கள். நானும் சிரித்தேன்.

ஊரில் உங்களைப் பகிடி பண்ணாதவர்கள் இல்லை. ஆனாலும் சல்லியில் இருந்தும் நிலாவெளியில் இருந்தும் பற்றரிகளைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்து உங்களிடம்தான் ஏற்றினார்கள். கரண்ட் நின்று தெருவே இருட்டாகும் நேரங்களில் நம் கராஜ் மட்டும் மஞ்சளாக எரியும். எல்லோரும் அதை மெச்சினார்கள். எனக்கு அந்த வெளிச்சம் பிடிக்கவே இல்லை. எல்லா வீடும் இருட்டாக இருக்கும்போது நாம் மட்டும் வெளிச்சத்தில் இருப்பது கண்ணூறு என்று நினைப்பேன்.

மகளுக்குப் பதின்மூன்று முடிந்து, ஐப்பசி மழை தொடங்கிய கிழமை அவள் பெரியபிள்ளை ஆனாள். நிலாவெளியில் இருந்து உங்கள் அக்கா வந்து இறங்கிய கையோடு வீடு அவர் ஆட்சிக்குப் போனது. பிள்ளையைப் பின்னறையில் இருத்தினார். பதினோராம் நாள் தண்ணீர் வார்க்கும் வரைக்கும் ஆண்கள் அவள் முகத்தைப் பார்க்கக் கூடாது என்றார்.

“நானுமோ?” என்று கேட்டீர்கள்.

“நீ என்ன பொம்பிளையோ? தகப்பனெண்டாலும் ஆம்பிளைதான். பத்து நாள் உன்ர கராஜுக்குள்ள கிட,” என்றார் அக்கா.

நீங்கள் முகம் வாடித்தான் போனீர்கள். ஒரு நாள்கூட அவளைப் பார்க்காமல் படுத்ததில்லையே. பிறகு கராஜுக்குள் இருந்தே அவளுக்கு ஒரு சோடனை செய்யத் தொடங்கினீர்கள். சின்னக் கார் பல்புகளுக்குச் சிவப்பும் பச்சையும் பூசி, பந்தல் முழுக்கக் கோத்தீர்கள். மழையில் நனைந்த பந்தலுக்கு வீட்டுக் கரண்ட் எடுக்க உங்களுக்கு மனம் வரவில்லை. கிண்ணியாவில் இருந்து உங்கள் லொறிக்கார நண்பர் நான்கு பற்றரி அனுப்பினார். வீட்டில் இருந்ததோடு எட்டு. எட்டையும் ஒன்றாகச் சார்ஜில் போட்டீர்கள். சாரலுக்குக் கராஜின் பெரிய கதவைச் சாத்திவிட்டீர்கள்.

அந்த நான்கு துவாரங்களும் பின்னறை ஜன்னலை நேரே பார்த்தபடி இருந்தன. ஒன்பதாம் நாள் அறைக்குள் மணம் தாங்கவில்லை. பார்க்க வந்த பெண்கள் முந்தானையால் மூக்கைப் பொத்தினார்கள். “பிள்ளை இருக்கிற அறைக்குள்ள இதென்ன மணம்? இது வீடோ, பட்டறையோ?” என்று உங்கள் அக்கா எல்லோருக்கும் கேட்கக் கேட்டார். எனக்கு மானம் போனது.

அன்று பின்னேரம், பந்தல்காரர் விட்டுப் போன ஏணியில் ஏறி, வெறும் சீனிச் சாக்குகளைச் சுருட்டி நான்கு துவாரங்களையும் அடைத்தேன். தண்ணீர் வார்த்ததும் எடுத்துவிடலாம், இரண்டு நாள்தானே என்று நினைத்தேன். உங்களிடம் சொல்லவில்லை. சொன்னால் எடுத்துவிடுவீர்கள் என்று தெரிந்துதான் சொல்லவில்லை. மழை இருட்டு. உள்ளே நின்ற உங்களுக்கு மேலே துவாரங்களில் வானம் தெரியாமல் போனதில் வித்தியாசம் இருந்திருக்காது.

மணம் நின்றது. உங்கள் அக்கா முதல்தடவையாக என்னைப் பார்த்துத் தலையாட்டினார்.

பத்தாம் நாள் மத்தியானம் நான் பலகாரத்துக்கு மாக் குழைத்துக்கொண்டிருந்தேன். ஒரே ஒரு சத்தம். யாரோ ஒரு பெரிய கதவைக் கோபத்தில் அடித்துச் சாத்தியதுபோல. மழைக்கு ஒதுங்கி இருந்த காகங்கள் எல்லாம் கிளம்பின. நீங்கள் கதவைத் தள்ளிக்கொண்டு, இரண்டு கையையும் முன்னால் நீட்டியபடி வெளியே வந்தீர்கள். கத்தவில்லை. “தண்ணி,” என்று மட்டும் சொன்னீர்கள். அடுத்த நாள் பிள்ளைக்கு வார்க்கக் கிணற்றடியில் குடங்களில் நிறைத்து வைத்த தண்ணீர் முழுவதையும் உங்கள் முகத்தில் ஊற்றினோம். அசிட் நனைத்த சேர்ட் என் கையோடு பிய்ந்து வந்தது.

இனிச் சொல்லப்போவதுதான் நான் சொல்லாதது. உங்களை வாடகைக் காரில் ஏற்றினார்கள். எல்லோரும் படலையடியில். “துவாய் எடுத்துக்கொண்டு வாறன்,” என்று சொல்லிவிட்டு நான் பின்பக்கம் ஓடினேன். இரண்டு சாக்குகள் வெடியில் தெறித்து நிலத்தில் கிடந்தன. மற்ற இரண்டும் அப்படியே இருந்தன. ஏணியை நகர்த்தி, ஏறி, அவற்றைப் பிடுங்கி எடுத்தேன். நான்கையும் விறகுக்குள் செருகினேன். அந்த நேரத்தில் எனக்கு அவ்வளவு புத்தி எங்கே இருந்து வந்தது? உங்கள் கண் எரிந்துகொண்டிருந்தது, கார் எனக்காகக் காத்து நின்றது, நான் ஏணியில் நின்றேன்.

கொழும்புக்கும் கொண்டுபோனோம். ஆறு கிழமை. ஒரு கண் முழுதாகப் போனது. மற்றதில் இரவா பகலா என்று மட்டும் தெரியும் என்றார்கள். கட்டுப் போட்ட கண்ணோடு படுத்திருந்து நீங்கள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டீர்கள்.

“இஞ்சேரும், மேல் ஓட்டை நாலும் திறந்துதானே கிடந்தது?”

“ஓம். திறந்துதான் கிடந்தது.”

“அப்ப என்ர பிழைதான். சார்ஜில இருக்கேக்க கிளிப்பைக் கழட்டினனான், பொறி பறந்து காத்துப் பத்திட்டுது. எத்தினை தரம் கழட்டியிருப்பன்... காத்துப் போக வழி இருந்தும் எப்படி?” என்றீர்கள். அந்த “எப்படி”யைப் பிறகு பதினைந்து வருடம் கேட்டுக்கொண்டிருந்தீர்கள். வீட்டுக்கு வந்ததும் எல்லோருடைய பற்றரிகளையும் திருப்பி அனுப்பினீர்கள். “என்ர கணக்குப் பிழைச்சிட்டுது, இனி என்னை நம்பி ஒருத்தரும் சாமான் தரவேண்டாம்,” என்று வந்தவர்களிடம் எல்லாம் சொன்னீர்கள். அதை ஒவ்வொரு முறையும் பக்கத்தில் நின்று கேட்டேன். தேத்தண்ணி கொடுத்துவிட்டு உள்ளே போவேன். நான் கெட்டவள் என்று அப்போதெல்லாம் எனக்குத் தோன்றவில்லை, பயந்தவள் என்றுதான் தோன்றியது. இப்போது அந்த வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை.

தண்ணீர் வார்த்தது தை மாதத்தில். மேளம் இல்லை, பந்தல் இல்லை. சீலை உடுத்து அவளை உங்களுக்கு முன்னால் கொண்டுவந்து விட்டோம். “என்ன நிறம்?” என்று கேட்டீர்கள். “கத்தரிப்பூ நிறம் அப்பா,” என்றாள். கையை நீட்டி அவள் தலையைத் தேடினீர்கள். நீங்கள் தேடிய இடத்தைவிட அவள் உயரமாக இருந்தாள். “வளந்திட்டாய் என்ன,” என்றீர்கள். அன்றிலிருந்து உங்களுக்குச் சோறு குழைத்துத் தந்தவள் அவள். தெருவுக்குக் கைபிடித்துக் கூட்டிப்போனவளும் அவள். அவள் கதைப்பது மட்டும் குறைந்துபோனது. வயசுக்கு வந்த பெட்டைகள் அப்படித்தான் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

இன்று பின்னேரம் வயரிங் மனிதர் போன பிறகு, மகளும் நானும் கராஜைக் கூட்டப் போனோம். அவள் தும்புத்தடியைப் பிடித்தபடி அந்தத் துவாரங்களையே அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்கு என்ன வந்ததோ தெரியாது, சொல்லிவிட்டேன்.

“அண்டைக்கு அதை அடைச்சது நான்தான் பிள்ளை.”

“தெரியும்,” என்றாள்.

நான் துவாரங்களை விட்டு அவள் பக்கம் திரும்பினேன்.

“ஜன்னலடியில இருந்தனான் அம்மா. நீங்கள் அடைக்கேக்கையும் கண்டனான், எடுக்கேக்கையும் கண்டனான்.”

“அப்பாட்டச் சொன்னனியோ?”

“இல்லை. எப்பிடிச் சொல்லுறது? மணத்துக்குத் தலை இடிக்குது, என்னவாவது செய்யுங்கோ எண்டு உங்களிட்ட அழுதது நான்தானே.”

சத்தியமாக எனக்கு அது நினைவில் இல்லை. பதினாறு வருடமாக மனதுக்குள் உங்கள் அக்காவைத் திட்டினேன், என்னைத் திட்டினேன். பிள்ளை அழுதது மறந்தே போய்விட்டது. தன்னால்தான் தகப்பனுக்குக் கண் போனது என்று நினைத்துக்கொண்டு அவள் உங்களுக்குச் சோறு குழைத்திருக்கிறாள். கொழும்பில் அன்று உங்களிடம் ஒரு வார்த்தை உண்மை சொல்லியிருந்தால், நீங்களும் உங்களைக் குற்றம் சொல்லியிருக்கமாட்டீர்கள், அவளும் தன்னைச் சொல்லியிருக்கமாட்டாள். என் பிழையை நீங்கள் இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கமாகச் சுமந்தீர்கள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“உன்னில ஒரு பிழையும் இல்லைப் பிள்ளை. எல்லாம் நான்தான். விளங்குதோ?” என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டேன்.

“ஓம் அம்மா,” என்றாள்.

கட்டுப் போட்ட உங்கள் கண்ணைப் பார்த்துக்கொண்டு நான் சொன்ன ஓமும் இதே குரலில்தான் இருந்தது. நீங்கள் அதை நம்பினீர்கள். அவளுடைய ஓமை என்னால் நம்ப ஏலவில்லை.