கயிற்றை எழுதினார்கள்

வெள்ளி, காலை 6.10
கீழ்க்குடி காற்றறை, நிலவு

அழுத்தம் சரி. கெட்ட காற்றை இழுக்கும் கரியுறிஞ்சி ஓடுகிறது. ஈரம் கொஞ்சம் கூடுதல். பார்த்தவள் ஞானப்பூ.

நேற்று மேற்குடியில் அமலோற்பவம் புதிய பிரதமராகப் பதவியேற்றாள். சபையில் அவள் கட்சிக்கு ஆள் அதிகம். ஜனாதிபதி கஸ்பார் எதிர்க்கட்சிக்காரன். வேறு வழியில்லாமல் அவளைக் கூப்பிட்டான். மாலையைக் கழுத்தில் போடாமல் கையில் கொடுத்தான். திரையில் எல்லோரும் பார்த்தோம்.

அமலோற்பவம் எங்கள் கீழ்க்குடிப் பெண். வோட்டுக் கேட்டு வந்தபோது என் வீட்டில்தான் கஞ்சி குடித்தாள். ஜெயித்ததும் முதல் வேலையாகத் தாயைக் கட்டிலோடு மேலே கொண்டுபோய்விட்டாள். ஒரு சொல் சொல்லிக்கொள்ளவில்லை. நான் மறக்கமாட்டேன்.

சனி, பகல் 2.30

உறிஞ்சி நின்றுவிட்டது. மோட்டார் கருகிவிட்டது, மாற்று மோட்டார் இல்லை. கெட்ட காற்று கூடியதும் மேற்குடிக்குப் போகும் நடுக்கதவு தானாகப் பூட்டிக்கொண்டது. உடைத்தால் மேற்குடியும் போகும். இனி ஒரே வழி, மேலே இருக்கும் சேமத் தொட்டி. அதைத் திறந்தால் குழாய் வழியே நல்ல காற்று இறங்கும். அதற்கு இரண்டு சாவி. ஒன்று கஸ்பாரிடம், ஒன்று அமலோற்பவத்திடம்.

இதைப் படிக்கிறவர் வெளியாளாக இருந்தால், இரண்டு சாவி வந்த கதை இது. முதலில் ஒரே ஆள், கேப்டன். சாவியும் சட்டமும் தண்டனையும் அவனே. கூலி கேட்டு நாங்கள் வேலையை நிறுத்தியபோது கீழ்க்குடிக் காற்றை அடைத்தான். என் வீட்டுக்காரர் சூசை அதில்தான் போனார். அன்று கேப்டனின் பக்கத்தில் நின்று பார்த்தவன் இந்தக் கஸ்பார். இப்போது வருடா வருடம் நினைவு நாளில் வந்து கண்ணைத் துடைக்கிறான்.

கேப்டனை இறக்கிவிட்டுச் சபை வைத்தோம். சபைக்குப் பதில் சொல்ல ஒரு பிரதமர். சபையோ சட்டை மாற்றுவதுபோலப் பிரதமரை மாற்றியது. நிலையாக ஒருவர் வேண்டும் என்று, எல்லோரும் நேராக வோட்டுப் போட்டு ஒரு ஜனாதிபதியைக் கொண்டுவந்தோம். பாதுகாப்பு அவருக்கு, அன்றாடம் பிரதமருக்கு. தொட்டிக்கு மட்டும் இருவர் கையும் வேண்டும். இருவரும் ஒரே கட்சியாக இருந்தவரை ஒரு தொல்லையும் இல்லை.

முத்துக்குளித்த நம் முன்னோர் வழக்கம் இது என்று சட்டம் எழுதிய கூட்டத்தில் சொன்னார்கள். ஒருவன் மூழ்குவான், ஒருவன் கயிறு பிடிப்பான். நானும் கை தட்டினேன்.

ஞாயிறு, காலை 9.00

காற்று வரவில்லை. தொட்டி பாதுகாப்பைச் சேர்ந்ததா, அன்றாடத்தைச் சேர்ந்ததா என்று சட்டத்தில் இல்லை. முதலில் சாவி திருப்புகிறவருக்கே தொட்டி சொந்தம் என்று நாளைக்கு வழக்கமாகிவிடும். ஆகவே இருவருமே முதலில் திருப்ப நிற்கிறார்கள்.

ரேடியோவில் கஸ்பார்: “ஞானப்பூக்கா, நான் தொட்டி அறையிலதான் நிக்கேன். அவசர உத்தரவு போட்டாச்சு. நான் திருப்புனபெறவு அந்தம்மா திருப்பட்டும். அவதான் மாட்டேங்கா.”

அமலோற்பவம்: “சித்தி, இன்னைக்கு அவரு முதல்ல திருப்புனா நாளைக்குத் தண்ணியும் அவருது, வெளக்கும் அவருது. ஒரு பொழுது பொறுத்துக்கிடுங்க. உங்களுக்காகத்தான நிக்கேன்.”

நான் கேட்டேன்: “ஏட்டி, ஒங்கம்மா இங்கன கெடந்தா பொறுப்பியா?”

அவளுக்குப் பதில் யாரோ உதவியாளன் வந்து நன்றி சொல்லித் துண்டித்தான்.

திங்கள், மாலை 4.15

காற்றளவு முள் சிவப்பில். எல்லோருக்கும் தலைவலி, வாந்தி. காற்று இறங்கினால் முதலில் கிடைக்கட்டும் என்று பிள்ளைகளைக் குழாய் வாயருகே கிடத்தியிருக்கிறோம். என் மகள் பெர்னதத்தும் அவள் கைக்குழந்தை சலேத்தும் அங்கேதான்.

அமலோற்பவத்தின் ஆட்களே அவளை நெருக்கி, இரண்டாவதாகத் திருப்பச் சம்மதிக்க வைத்தார்களாம். அவள் இளகுகிறாள் என்று தெரிந்ததும் கஸ்பார் சபையைக் கலைத்துவிட்டான். அந்த அதிகாரம் அவனுக்கு உண்டு. தேர்தலில் எல்லாவற்றையும் அள்ளிவிடலாம் என்று கணக்கு. சபை போனபின் பிரதமரின் சாவி செல்லுமா என்று கோர்ட்டில் கேட்டிருக்கிறார்கள். தொட்டிக்குக் கோர்ட் தெரியுமா? அதற்கு இரண்டு சாவிதான் தெரியும்.

அமலோற்பவம் ரேடியோவில் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்: “அதிகாரம் போனவகிட்ட சாவி எதுக்குக் கேக்காரு?”

சிலர் சிரித்தார்கள், மேலே.

கயிறு பிடிக்கிறவன் யார் என்று அன்றைக்குக் கூட்டத்தில் யாரும் சொல்லவில்லை. எனக்குத் தெரியும், என் ஆச்சி சொல்லியிருக்கிறாள். மூழ்குகிறவனின் மச்சான்தான் பிடிப்பான். கை நழுவினால் தன் தங்கச்சி தாலியறுப்பாளே என்ற பயம்தான் அந்தக் கையை இறுக்கும். இவர்கள் கயிற்றைச் சட்டத்தில் எழுதினார்கள். தங்கச்சியை எழுதவில்லை. இருவருக்கும் கீழே யாரும் இல்லை. ஒருத்திக்குத் தாய் இருந்தாள், கட்டிலோடு மேலே போய்விட்டாள்.

செவ்வாய்

நேரம் பார்க்கவில்லை. பெர்னதத் எழும்பவில்லை. கன்னத்தில் தட்டினேன். சலேத்தை அவளிடமிருந்து எடுத்துவிட்டேன். அடுத்த வீட்டு ராயப்பன் சுவரோடு சாய்ந்தவர் அப்படியே இருக்கிறார். எழுத்து கோணுகிறது.

கஸ்பாரை மன்னிக்கவில்லை. அமலோற்பவத்தையும் இல்லை. எழுதி வைக்கிறேன்.

அதற்குப் பிறகு

ரேடியோ தானாகப் பேசியது.

“கீழ்க்குடியில் உயிர்நீத்த நம் மக்களுக்காக ஒரு வாரம் துக்கம் கடைப்பிடிக்கப்படும். ஜனாதிபதியும் பிரதமரும் இதற்கான ஆணையில் ஒரே நேரத்தில் கையொப்பமிட்டனர்.”

ஒரே நேரத்தில். யாரும் முதல் இல்லை. முடிகிறது பாருங்கள்.

பொத்தானை அழுத்தி, நாங்க இன்னும் சாகல என்றேன். அங்கே இசை போட்டுவிட்டார்கள்.

குழாயைத் தட்டுகிறேன். அடியில் இருப்பவன் கயிற்றை இழுத்தால் மேலே தூக்க வேண்டும். அதுதான் வழக்கம். ஸ்பேனரால் தட்டினேன். நிறுத்திக் கேட்டேன். மறுபடி தட்டினேன்.

மேலிருந்து பதிலுக்கு ஒரு தட்டு வந்தது.

பிறகு வரவில்லை.

ஆக, தெரியும். நாங்கள் இருக்கிறோம் என்று அவர்களுக்குத்

சலேத் மூச்சு இருக்கிறது. தட்டுகிறேன். சலேத்