படிக்கட்டு ஜன்னல்

பிப்ரவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

அலுவலக மின்னஞ்சலில் தினமும் பார்த்துக்கொள்கிறோம், வீட்டு முகவரிக்கு வேறு எழுதித் தொந்தரவு செய்கிறேன். மன்னித்துவிடுங்கள். அந்த மின்னஞ்சல்களை மேலாளரும் படிக்கிறார். அதில் 'சுவர் கனம் சரியா?' என்று கேட்கலாம், 'சாப்பிட்டீர்களா?' என்று கேட்க முடியாது. எனக்குப் பேச வராது என்பது கல்லூரியில் எனக்கு சீனியராக இருந்த காலத்திலிருந்தே உங்களுக்குத் தெரியும்.

நீங்கள் உங்கள் வெளிநாட்டு அலுவலகத்திலிருந்து கையால் வரைந்த படம் அனுப்புகிறீர்கள். நாங்கள் இங்கே அதற்குக் கனமும் உயரமும் கொடுத்துக் கட்டக்கூடிய படமாக்கித் திருப்பி அனுப்புகிறோம். நாளெல்லாம் ஜன்னல் வரைகிறேன். கணினித் திரையில் வெளிச்சம் அடிக்கிறதென்று எங்கள் அறை ஜன்னல்களை மூடியே வைத்திருக்கிறார்கள். மழை பெய்வதே மற்றவர்களின் ஈரக் குடையைப் பார்த்துத்தான் தெரிகிறது.

எங்கள் நிறுவனத்திலேயே உள்ளூர் வேலைப் பிரிவு ஒன்று உண்டு. என் வீட்டுக்கு அடுத்த பஸ் நிறுத்தத்தில் அவர்கள் ஒரு நூலகம் கட்டப்போகிறார்கள். கட்டுகிற இடத்தில் நிற்க ஆள் தேவையாம். என்னை அனுப்பச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஆமாம், நானே வாய் திறந்து கேட்டேன்!

குழந்தைகள் மருத்துவமனையின் படிக்கட்டுத் திருப்பத்தில், உங்கள் படத்தில் இல்லாத ஒரு ஜன்னலை நானாகத் தாழ்வாக வைத்தேனே, அதைக் கட்டினார்களா?

அன்புடன்,
உங்கள் ஊமைக்கோட்டான்


பிப்ரவரி 27

என் ஊமைக்கோட்டானுக்கு,

கட்டிவிட்டார்கள், தாயே! புகைப்படம் இத்துடன் வைத்திருக்கிறேன், பார். எங்கள் நிறுவனத்துப் பெரியவர் அந்த ஜன்னலருகே குனிந்து நின்று, "இது யாருக்குத் தோணுச்சு?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் எல்லோரும் எனக்குக் கைதட்டிவிட்டார்கள். அதற்குப் பிறகு எப்படிச் சொல்வது, நீயே சொல்.

ஆனால் உன்னை மறக்கவில்லை. அடுத்து ஒரு பெரிய பள்ளிக்கூட வேலை வருகிறது. உன்னைப் பற்றி ஒரு பக்கம் புகழ்ந்து உன் மேலாளருக்கு எழுதி, அது முடியும்வரை நீதான் வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். சந்தோஷம்தானே?

உன் அக்கா


மார்ச் 20

அன்புள்ள அக்காவுக்கு,

படம் கிடைத்தது. ஜன்னலில் ஒரு குழந்தை மூக்கை அழுத்திக்கொண்டு நிற்கிறது. நான் வரைந்த ஒன்றில் மனிதர் நிற்பதை இப்போதுதான் முதல்முறை பார்க்கிறேன்.

மேலாளர் என்னை எல்லோர் முன்னாலும் கூப்பிட்டு, "உனக்கு யோகம் அடிச்சிருக்கு. மூணு வருஷம் நீதான் வேணுமாம், ஒப்பந்தத்துலயே எழுதிட்டாங்க" என்றார். நூலகத்தைப் பற்றிக் கேட்டேன். "அவங்க விட்டாத்தானே நான் விட முடியும்? வேற யாரையாவது அனுப்பிடறேன்" என்று சொல்லிவிட்டார். கட்டுமிடத்தில் நிற்காதவளை யாரும் கட்டடக்கலைஞர் என்று எடுத்துக்கொள்வதில்லை, அக்கா. இந்த நாற்காலியிலேயே வயதாகிவிடும் போலிருக்கிறது.

ஏற்றுமதிச் சட்டைகளுக்குக் காலர் தைக்கிறவள் என் அம்மா. முழுச் சட்டையை அவள் பார்த்ததே இல்லை. "படிக்காதவ நான் காலர் தைக்கிறேன். படிச்சவ நீ படிக்கட்டு தைக்கிறியாக்கும்?" என்று சிரிக்கிறாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

உங்கள் பெரியவரிடம் ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்களேன்.

அன்புடன்,
ஊமைக்கோட்டான்


ஏப்ரல் 6

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டுச் சமையலறையிலேயே நின்றுகொண்டிருந்தேன். இங்கே ஆள்குறைப்பு நடக்கிறது. என் மேசைக்கு இரண்டு பக்கமும் காலி. என் படங்கள் பிழையில்லாமல் வருகின்றன என்பதால்தான் என்னை விட்டுவைத்திருக்கிறார்கள். அந்தப் படங்கள் யாருடையவை என்று உனக்குத் தெரியும். உன்னை விட்டால் எனக்குக் கை ஒடிந்த மாதிரி.

உன்னை நல்ல பெண் என்றுதானே எழுதினேன்? அது குற்றமா? பொறுத்துக்கொள், கண்ணு. கோபித்துக்கொள்ளாதே.

உன் அக்கா


ஏப்ரல் 25

அன்புள்ள அக்காவுக்கு,

கோபமில்லை. கல்லூரியில் எனக்குப் பேனா பிடிக்கக் கற்றுத் தந்ததிலிருந்து எல்லாம் செய்தவர் நீங்கள். அதனால்தான் எழுதிக் கிழித்து, மறுபடி எழுதுகிறேன்.

நூலகத்துக்கு அஸ்திவாரம் தோண்டிவிட்டார்கள். பஸ்ஸிலிருந்து பார்த்தேன். அனுப்ப இன்னும் ஆள் அமையவில்லையாம், அடுத்த மாதக் கடைசிவரை பார்ப்பார்களாம்.

போன வாரம் ஒரு காரியம் செய்யப் பார்த்தேன். பள்ளிக்கூடப் படத்தில் வேண்டுமென்றே ஒரு படியை மட்டும் உயரமாக வரைந்தேன். பிழை கண்டுபிடித்து என்னை விலக்கட்டும் என்று நினைத்தேன். அனுப்பும் நேரத்தில் அந்த மூக்கு அழுத்திய குழந்தை ஞாபகம் வந்தது. யாரும் கவனிக்காமல் அப்படியே கட்டிவிட்டால்? திருத்தித்தான் அனுப்பினேன். என்னால் தப்பாக வரைய முடியவில்லை, அக்கா. அதனால் உங்களிடம் வருகிறேன்.

என் பக்கத்து மேசை வாயாடியை உங்கள் வேலைக்குப் பழக்கிவிட்டேன். போன இரண்டு படங்களும் அவள் வரைந்தவைதான். 'வழக்கம்போலப் பிரமாதம்' என்று நீங்களே பதில் போட்டீர்கள். உங்கள் கை ஒடியாது.

நீங்கள் எழுதிய புகழ்ச்சியில்தான் நான் மாட்டிக்கொண்டிருக்கிறேன். என்னைப் பற்றி ஒரு குறை எழுதுங்கள். வேலையில் குறை சொல்ல வேண்டாம், அதை நான் தாங்க மாட்டேன். பொய்யும் வேண்டாம். இந்தக் கடிதத்தில் நான் செய்துகொண்டிருப்பதையே எழுதுங்கள். 'எதிர்த்துப் பேசுகிறாள், வேறு ஆள் கொடுங்கள்' என்று ஒரே ஒரு வரி, அடுத்த மாதம் முடிவதற்குள் என் மேலாளருக்கு அனுப்பிவிடுங்கள், அக்கா.

உங்கள் ஊமைக்கோட்டான்