கோட்டுக்கு அப்பாலும் ஓடியவள்

ரங்கூன், 1996

அன்புள்ள வாப்பாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

உங்கள் மூத்த மகள், என் ருகையா லாத்தா, பள்ளி ஓட்டப் பந்தயத்தில் முதலாவதாக வந்துவிட்டாள். கோபப்படாமல் மீதியையும் படியுங்கள்.

நீங்கள் பினாங்கு வேலைக்குப் போகும்போது, இளம்பிள்ளை வாதம் வந்த காலில் அவள் இரும்புப் பட்டை போட்டிருந்தாள். "இவ நடந்தா போதும், ஓட விடாதீங்க" என்று உம்மாவிடம் சொன்னீர்கள். பட்டையைக் கழற்றிவிட்டு அவள் நடந்ததையே நீங்கள் இன்னும் பார்க்கவில்லை.

எங்கள் பள்ளியில் இந்தியப் பிள்ளைகள் ஓடுதளத்தில் கால் வைக்கக் கூடாது. அதனால் லாத்தா தினமும் மதிலை ஒட்டிய சேற்றுப் பாதையில்தான் சுற்றினாள். அது தளத்தைவிட மிகவும் நீளம். பந்தயத்தன்று ஒரு பர்மியப் பெண்ணுக்குக் காய்ச்சல் வந்ததால் இவளைச் சேர்த்தார்கள். "நொண்டி வருது, வழி விடுங்கடி!" என்று மற்றப் பெண்கள் சிரித்தார்கள். கடைசிச் சுற்றில் அவர்கள் தளர்ந்துவிட்டார்கள். லாத்தா முதலில் கோட்டைத் தாண்டினாள், தாண்டிய பிறகும் ஓடிக்கொண்டே இருந்தாள்.

"நில்லு லாத்தா, முடிஞ்சு போச்சு!" என்று கத்தினேன்.

"அதுக்குள்ளயா?" என்றாள்.

அவளை மண்டலே போட்டிக்கு அனுப்பச் சொல்லி, விளையாட்டுச் சொல்லித்தரும் சயாமாவே வீட்டுக்கு வந்தார். "அவ வாப்பா சம்மதிச்சா போகட்டும்" என்று உம்மா சொல்லிவிட்டார். லாத்தா உங்களிடம் கேட்க மாட்டாள். அதனால் நான் எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமை ஷாஹுல் மாமா கடைக்குப் போன் செய்து அவளைக் கூப்பிடச் சொல்லுங்கள். பேசும்போது அவளுக்கு மூச்சு வாங்கினால் பயப்படாதீர்கள். வீட்டிலிருந்து ஓடி வந்திருப்பாள்.

உங்கள் பதிலுக்கு அவளைவிட அதிகமாகத் தவிக்கும்,
உங்கள் சின்ன மகள்