லியுங் அண்ணையின் கல்லில் ஓர் ஊர்ப்பெயர்

என் அன்புள்ள அண்ணைக்கு,

உணவகத்தில் உங்களோடு வேலை செய்த சீனச் சமையற்காரர், நீங்கள் "லியுங் அண்ணை" என்று கூப்பிட்டவர், போன மாதம் காலமாகிவிட்டார். உங்களுக்கு அதைச் சொல்ல என்னை விட்டால் ஆளில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவருடைய மகள் கரன் யூனியன்வில்லில் இருந்து வந்தாள். இங்கே பிறந்தவள், சீனம் வாசிக்கத் தெரியாது. கல்லறைக் கல்லில் இறந்தவரின் சொந்த ஊரைப் பொறிப்பது அவர்கள் வழக்கமாம். பத்திரங்களில் 'கன்டன்' என்று பெருநகரத்தின் பெயர் மட்டும் இருக்கிறது, கல் வெட்டுபவர் அது போதாது என்கிறார். "அப்பா ஊரைப்பற்றிச் சொல்லுவார், நான் கவனிக்கவில்லை. உங்கள் அண்ணா எழுதி வைத்திருப்பாரா?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள். மறுநாளைக்குள் சொல்லாவிட்டால் ஊரில்லாமலே கல்லை வெட்டிவிடுவார்கள்.

உங்கள் நீலக் கொப்பியை எடுத்தேன். கோப்பை கழுவிவிட்டு வந்து நீங்கள் அதில் எழுதும்போது நான் ஏசியது நினைவிருக்கிறதா?

"உந்தச் சீன ஊரை வைச்சு என்ன செய்யப் போறியள்? இங்கிலீஷைப் படியுங்கோவன்."

"எடியே, ஒருத்தன்ரை ஊரைச் சரியாச் சொல்லத் தெரியாமல் அவனோடை என்னெண்டு சிநேகிதம் பிடிக்கிறது?"

கொப்பியில் இருந்தது இது: 'பூன்யூ. கன்டனின் பழைய பெயர், இரண்டாயிரம் வருடத்துக்கு மேற்பட்டது. இப்போது நகரத்துக்குத் தெற்கே உள்ள பகுதிக்கு வழங்குகிறது. இரண்டு குன்றுகளின் பெயர் சேர்ந்தது என்பது ஒரு கதை. சீனர் வருமுன் இருந்தவர்களின் சொல் என்பது இன்னொன்று. லியுங் அண்ணைக்குக் குன்றுக் கதைதான் விருப்பம். முதலெழுத்தை மற்ற இடங்களில் ஃபான் என்று வாசிப்பார்கள், இந்த ஊருக்கு மட்டும் பூன். குரல் பூனில் மேலே நிற்கும். யூவில் கீழே இறங்கும்.'

கரன் கல் வெட்டுபவரை அழைத்து, தொலைபேசியை என்னிடம் தந்தாள். கொப்பியைப் பார்த்துத் தட்டையாக வாசித்தேன். அப்படி ஓர் ஊர் இல்லை என்றார். நீங்கள் ஈரத் துவாயைத் தூக்கித் தாழ்த்திச் சொல்லிக் காட்டுவீர்களே, அப்படியே கையோடு குரலையும் தூக்கித் தாழ்த்திச் சொன்னேன். அந்தப் பக்கம் பெரிய சிரிப்பு. "ஓ, அதுவா! என் மாமியாரின் ஊர்தான்!"

கரனும் கையைத் தூக்கித் தாழ்த்திச் சொல்லிப் பார்த்தாள். பிறகு கொஞ்ச நேரம் அழுதாள்.

புறப்படும்போது வாசலில் நின்று கேட்டாள்: "மதாகல் என்றால் என்ன? உங்கள் அண்ணாவைப் பற்றிப் பேசும்போதெல்லாம் அப்பா அந்தச் சொல்லைச் சொல்லுவார்."

மாதகலைத்தான் அப்படிச் சொல்கிறாள். எங்கள் ஊர் என்றேன்.

அவள் போன பிறகு உங்கள் மரண அறிவித்தலை எடுத்துப் பார்த்தேன். 'யாழ்ப்பாணத்தைப் பிறப்பிடமாகவும் ரொறன்ரோவை வதிவிடமாகவும் கொண்ட' என்று கிடக்கிறது. பத்திரிகையில் எந்த ஊர் என்று கேட்கத்தான் செய்தார்கள். "யாழ்ப்பாணம் எண்டே போடுங்கோ. மாதகலிலை இப்ப ஆர் இருக்கினம்?" என்று சொன்னது நான்தான். ஒரு சீனக் கிழவருக்குத் தெரிந்திருந்ததை நான் ஏன் எடுத்துவிட்டேன், அண்ணை?

உங்கள் ஆண்டுத் திவசம் வருகிறது. அதற்கு நான் போடப்போகும் அறிவித்தலின் முதல் சொல் மாதகல்தான். இது சத்தியம்.

மாதகலில் உங்களுக்குப் பின் பிறந்த தங்கை,
வதனி