அலை உடையாத இடம்

மச்சான்,

போன சனிக்கிழமை காலையில் என் மகள் சுதா பரணிலிருந்து அந்த லொறி டியூபை இறக்கிக் கூடத்தில் போட்டாள். பதினொரு வருடமாக மடித்துக் கிடந்த ரப்பர். விரித்ததும் உன் டயர் கடையின் வாசனை வீடு முழுக்கப் பரவிவிட்டது. நீ போட்ட மூன்று ஒட்டும் இன்னும் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கின்றன. நான் தேத்தண்ணீர்க் கோப்பையை வைத்துவிட்டு எழுந்துவிட்டேன்.

"கெம்பஸ் பிள்ளைகளோட கடலுக்குப் போறோம்லப்பா, இத எடுத்துட்டுப் போறேன்" என்றாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "பயப்படாதீங்க. மாமா மாதிரி தெரியாத எடத்தக் காட்டி யாரையும் எறக்க மாட்டோம்" என்றாள்.

அன்போடுதான் சொன்னாள். உன் படத்தை இன்றைக்கும் பர்ஸில் வைத்திருப்பவள் அவள். நான் குனிந்து டியூபின் ஒட்டைத் தடவினேன்.

அலுவிகாரை ரோட்டோரத்தில் நீ டயர் கடை வைத்திருந்தாய். கடலை வாழ்நாளில் நாலைந்து முறைதான் பார்த்திருப்பாய். ஆனால் காற்றடிக்க வந்தவன் அரை மணி நேரம் கடல் கதை கேட்காமல் போக முடியாது. இருட்டில் நீலமாக ஒளிரும் கடல், மேகத்திலிருந்து தொங்கும் நீர்த் தூண், காற்றே இல்லாத நாளில் எங்கிருந்தோ வந்து படகைக் கவிழ்க்கும் ஒற்றை அலை என்று பேப்பரில் வருவதையெல்லாம் வெட்டி, பழைய டயர் விளம்பரத்துக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்திருந்தாய். சுனாமி வந்த பிறகு உன் பேச்சு இன்னும் கூடிவிட்டது. "கடல் உள்ளுக்குப் போனா வேடிக்க பாக்காத மச்சான், ஓடிரணும்" என்பாய். "மாத்தளையில எந்தப் பக்கம்டா ஓடுறது, மலைக்கா, பஸ் ஸ்டேண்டுக்கா?" என்று கேட்டு நான் சிரிப்பேன். யட்டவத்தயில் கந்தோர் வேலை முடிந்து வரும் வழியில் உன்னைக் கிண்டல் செய்யாமல் வீட்டுக்குப் போனால் எனக்குச் சோறு இறங்காது.

அந்த டிசம்பர் லீவுக்கு இரண்டு குடும்பமும் ஒரே வேனில், இந்த டியூபையும் ஏற்றிக்கொண்டு, திருகோணமலைப் பக்கம் போனோம். அந்த மாதங்களில் கிழக்குக் கடல் கொந்தளிக்கும் என்பது நம் இருவருக்குமே தெரியவில்லை. உன் ஒளிரும் கடலிலும் நீர்த் தூணிலும் அது வரவில்லை. கரையில் வேனை நிறுத்தியபோது, அலைகள் வரிசையாக வந்து வெள்ளையாக உடைந்துகொண்டிருந்தன. ஒன்பது வயது சுதா என் கையை விடவில்லை. நடுவில் ஓர் இடத்தில் மட்டும் அலையே இல்லை. இரண்டு பக்கமும் நுரை பொங்க, அந்த இடம் தெருவைப் போல வழுவழுவென்று, கொஞ்சம் கறுத்து, கடலுக்குள் நீண்டு கிடந்தது.

நான்தான் கை காட்டினேன். "அந்தா பாரு, தண்ணி சும்மா நிக்குது. புள்ளைங்கள அங்க எறக்குவோம்."

எனக்குத் தெரிந்த தண்ணீர் நம் ஊர் ஆறு சுதுகங்கைதான். அங்கே வெள்ளையாக நுரைத்தால் அடியில் பாறை இருக்கிறது என்று அர்த்தம். தண்ணீர் ஓய்ந்து நிற்கும் இடமாகப் பார்த்துத்தான் பிள்ளைகளை இறக்குவோம். என் அப்பா என்னை இறக்கியதும் அப்படித்தான். கடலையும் நான் அப்படியே படித்தேன்.

நீ தூரத்தில் வள்ளங்களுக்குப் பக்கத்தில் வலை காயப்போட்டுக்கொண்டிருந்தவர்களைப் பார்த்தாய். "கொஞ்சம் பொறு மச்சான், அவங்கள்ட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு எறங்குவோம்" என்றாய்.

"கடலப் பத்தி ஊருக்கே பாடம் நடத்துற ஆளுக்குக் காலு நனைக்கப் பயமா?" என்றேன்.

நீ சிரித்தாய். சாரத்தை மடித்துக் கட்டினாய். கேட்கப் போகவில்லை. மரத்தடியில் சாப்பாட்டுப் பார்சல்களைப் பிரித்துக்கொண்டிருந்த உன் மனைவிக்கு, தங்கச்சிக்கு, இதில் ஒரு சொல்லும் கேட்கவில்லை.

சுதாவுக்கு முதலில் முழங்கால் அளவுதான் தண்ணீர். சத்தமே இல்லாமல் நடந்தது அது. காலடி மணல் நழுவியது, அவள் கை என் கையிலிருந்து போனது, திரும்பிப் பார்ப்பதற்குள் நாலைந்து ஆள் தூரம் போய்விட்டாள். எந்த அலையும் அவளை அடிக்கவில்லை. அந்த வழுவழுப்பான தண்ணீர் அவளை ஏந்திக்கொண்டு போனது. எனக்கு நீந்தத் தெரியும் மச்சான். இடுப்பளவுத் தண்ணீரில் நின்று அவள் பெயரைக் கத்திக்கொண்டிருந்தேன். கால் நகரவில்லை. நீ டியூபைத் தூக்கிக்கொண்டு என்னைத் தாண்டிப் போனாய்.

நீ அவளைப் பிடித்து டியூபுக்குள் போட்டதைப் பார்த்தேன். பிறகு நேரே கரையைப் பார்த்து அதைத் தள்ளத் தொடங்கினாய். ஆற்றில் அப்படித்தான் செய்வோம், கரை தெரிகிறது, கையை வீசினால் வந்துவிடலாம். லொறிச் சக்கரத்தைத் தனியாகப் புரட்டுகிற கை உன்னுடையது. எவ்வளவு வீசியும் நீ இருந்த இடத்திலேயே இருந்தாய், அப்புறம் அந்த இடத்திலும் இல்லை. வள்ளம் போனபோது சுதா அலைகளுக்கு அப்பால், இழுப்பு ஓய்ந்த தண்ணீரில், டியூபைப் பிடித்தபடி மிதந்துகொண்டிருந்தாளாம். உன்னை அதற்குப் பிறகுதான் ஏற்றினார்கள். கரையில் கிடத்தி வெகுநேரம் பார்த்தார்கள். நீ மூச்சு விடவில்லை.

வள்ளக்காரர்களில் வயதானவர் ஒருவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "அலை உடையாத இடத்துல இறங்கலாமா தம்பி? கரைக்கு வந்த தண்ணியெல்லாம் அதாலதான் திரும்பிப் போகும். வெள்ளை இருக்கிற பக்கம் நிண்டா அது கரைக்குத் தள்ளும். மாட்டினாலும் நேரா வராம, பக்கவாட்டில போகணும்" என்றார். பிறகு, "ஆரு இந்த இடத்தக் காட்டினது?" என்று கேட்டார்.

உன் தலைமாட்டில் இருந்த தங்கச்சி நிமிர்ந்து, "இவருதான். வேற யாரு? எல்லாம் தெரிஞ்ச மாதிரி பேசுவாரே" என்றாள்.

நான் வாயைத் திறக்கவில்லை. அன்றும் திறக்கவில்லை, அதற்குப் பிறகும் திறக்கவில்லை. உன் திவசத்துக்கெல்லாம் வந்து பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறேன். மாலையில் விளக்கு வைக்கும்போது தங்கச்சி உன் படத்தைப் பார்த்து ஏசுவாள். "ஒரு வார்த்த கேட்டிருக்கக் கூடாதா? அங்க ஆளுங்க இருந்தாங்கல்ல?" உனக்காக நான் பரிந்து பேசுவேன், அந்தக் கேவலத்தையும் செய்தேன். "விடு தங்கச்சி, அவனுக்கு என்ன தெரியும்" என்பேன்.

அந்தச் சனிக்கிழமைதான் சுதாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் டியூபின் மேல் கை வைத்தபடியே கேட்டாள். அழுது முடித்துவிட்டு, "அத்தைக்கிட்ட சொல்லுங்கப்பா" என்றாள்.

மறுநாள் மாலை அலுவிகாரைக்குப் போனேன். முற்றத்தில் காயவைத்த மிளகை அள்ளிக்கொண்டிருந்தாள் தங்கச்சி. நின்றபடியே சொன்னேன். கை காட்டியது நான், கேட்கலாம் என்றது அவன், கேட்க விடாமல் சிரித்ததும் நான்தான் என்று. அவள் சுளகைக் கீழே வைத்தாள். என்னை அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"பதினோரு வருஷம் அந்த மனுஷன ஏசியிருக்கேண்ணே" என்றாள். "ஒருநாள் விடாம."

உள்ளே போய் விளக்கை ஏற்றினாள். வழக்கம்போல உன் படத்தை நிமிர்ந்து பார்த்து வாயைத் திறந்தாள். திரியைத் தூண்டிவிட்டாள்.

"இனி நான் யார ஏசுறது?"

"என்னய ஏசு தங்கச்சி" என்றேன்.

"போயிட்டு வாங்க" என்றாள், திரும்பாமல்.

சுதா புதன்கிழமை கடலுக்குப் போனாள். டியூபை என்னிடமே விட்டுவிட்டாள். பகலில் அவளிடமிருந்து மெசேஜ் வந்தது. "வள்ளக்காரங்கள்ட்ட கேட்டோம். இன்னைக்கு எறங்க வேணாம்னு சொன்னாங்க. கரையிலதான் இருக்கோம்." உனக்கு வாசித்துக் காட்டவேண்டும் போல இருந்தது.

அன்று மாலை விளக்கு வைக்கும் நேரத்தில் போன் அடித்தது. எடுத்தேன். தங்கச்சி ஹலோகூடச் சொல்லவில்லை.

"ஒரு வார்த்த கேட்டிருக்கக் கூடாதா? அங்க ஆளுங்க இருந்தாங்கல்ல?"

அவள் நிறுத்தும் வரை எழுந்து நின்று கேட்டேன். நேற்றும் வந்தது. இன்று கந்தோரில் வேலையை அப்படியே வைத்துவிட்டு முந்தின பஸ்ஸைப் பிடித்து வந்துவிட்டேன். மணி ஆறாகப் போகிறது. போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். இத்தனை நாள் எனக்கு விழவேண்டிய ஏச்சை நீ கேட்டாய் மச்சான். இனி அது என் வீட்டுக்கு வரட்டும்.